மெயில் ரயிலால் இறங்கி அப்பம் சாப்பிட்ட கடை இன்னும் இருக்கிறதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதுகிறேன். சரியாக விளங்கியிருக்கிறேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் அம்மா 1970களில் மட்டக்களப்பு புளியந்தீவில் வளர்ந்தவர். கொழும்பில் வேலை பார்த்த அம்மப்பாவோடு விடுமுறைக்கு ரயிலில் போய் வருவாராம். மட்டக்களப்பில் இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில், இருட்டுக்குள், ஒரு கடையில் அப்பமும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டதையும், முதலாளி ஒரு கிம்புலா பணிஸைக் கையில் தந்துவிட்டதையும் இப்போது அடிக்கடி சொல்கிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு நினைவில்லை, அந்தக் கடை நினைவிருக்கிறது. வருகிற ஆவணியில் அவரைக் கனடாவிலிருந்து ஊருக்குக் கூட்டிவர நினைக்கிறீர்கள். கடையின் பெயர் என்ன, இன்னும் இருக்கிறதா, இல்லையென்றால் போரில்தான் போனதா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா வந்து பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரிகிற மாதிரி ஏதாவது மிச்சமிருக்குமா என்பதுதான் இவற்றின் அடியில் இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் 1982இலிருந்து 2018 வரை பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்தவன், ஆட்கள் சொல்கிற மாதிரிச் சொன்னால் பி.எச்.ஐ. அதில் பெரும்பங்கு மட்டக்களப்பு நகரத்திலும் அதைச் சுற்றியும்தான். கடைகளை முன்பக்கத்தால் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். நான் பின்பக்கத்தால், குசினி வழியாகப் பார்த்தவன். எந்தக் கடையில் கிணறு எங்கே இருந்தது, எந்தக் கடையில் மீன் கழுவிய தண்ணீர் எந்தக் கானுக்குப் போனது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் உங்கள் அம்மா சாப்பிட்ட காலத்தில் நான் பள்ளிக்கூடப் பெடியன். அந்த வருடங்களைப் பற்றி நான் சொல்வதில் பாதி என் சின்ன வயது நினைவு, மறுபாதி பிறகு அந்தக் கடைகளின் வயதான முதலாளிமார் எனக்குச் சொன்னது. இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பெயரைத் தேடுவதை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துச் சிறிய சாப்பாட்டுக் கடைகளில் பெயர்ப்பலகை இருந்தவை குறைவு. இருந்த பலகையையும் ஆட்கள் வாசிக்கவில்லை. பாலத்தடிக் கடை, ஆஸ்பத்திரிக் கடை, யாழ்ப்பாணத்தார் கடை, காக்கா கடை, இப்படித்தான் புழக்கம். (முஸ்லிம் ஆட்களை இங்கே காக்கா என்போம்.) அனுமதிப்பத்திரம் எடுத்தவரின் பெயரிலும் வீட்டு இலக்கத்திலும்தான் பதிவேடு இருக்கும். அம்மா பெயரை மறக்கவில்லை, அவர் அறிந்த ஒரு பெயரே இருந்திருக்காது. அதை அவரிடமும் சொல்லுங்கள், அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

அம்மா சொன்ன துண்டுகளிலிருந்து சில விஷயங்களை உறுதியாகச் சொல்லலாம். அவர் சொல்கிற இருட்டு ராத்திரி இருட்டு இல்லை, அது வெள்ளாப்பு. கொழும்பிலிருந்து இரவில் புறப்படுகிற மெயில் ரயில் விடியப்புறத்தில்தான் மட்டக்களப்புக்கு வரும். ராத்திரிச் சாப்பாடு என்று நீங்கள் நினைத்தது உண்மையில் காலைச் சாப்பாடு. ரயில் நிலையம் கோட்டைமுனைப் பக்கம். புளியந்தீவு வாவிக்குள் இருக்கிற தீவு. ஆக, இறங்கியவர்கள் பாலம் கடந்துதான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கடை அந்தப் பாதையில்தான் எங்கோ இருந்திருக்கிறது.

கிம்புலா பணிஸ் இன்னும் நல்ல தடயம். முதலை மாதிரி நீட்டி உருட்டி, மேலே சீனி தூவிய பணிஸ் அது. பெயரே சிங்களம். இன்றைக்கு எல்லாப் பேக்கரியிலும் கிடைக்கும். அந்தக் காலத்தில் நகரத்தில் பேக்கரி வைத்திருந்தவர்களில் பலர் தெற்கிலிருந்து வந்து மட்டக்களப்பிலேயே பிள்ளைகுட்டி பெற்று வாழ்ந்த சிங்கள ஆட்கள். பாண் சுடுகிற போறணை பின்னாலும் தேத்தண்ணிக் கடை முன்னாலுமாக நடத்துவார்கள். போறணைக்கு நடுச்சாமத்திலேயே நெருப்பு மூட்டிவிடுவதால், மெயில் ரயில் வரும் நேரத்தில் திறந்திருக்கக்கூடிய கடைகள் அவைதான். முன்பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை மண்சட்டியில் அப்பம் சுட்டுக்கொண்டிருப்பார். மேலேயும் கீழேயும் சிரட்டைக் கரி. அப்படி இரண்டு கடைகள் எனக்குத் தெரியும். அவற்றில் எது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இவை தவிர வேறு இரண்டு வகைக் கடைகளும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து யாவாரம் செய்தவர்களின் சைவக்கடைகளில் வெள்ளிக்கிழமை என்றால் உட்கார இடம் கிடைக்காது. காத்தான்குடி, ஏறாவூர்க் காக்காமாரின் கடைகளில் ரொட்டியும் மாட்டிறைச்சி ஆணமும், பெருநாள் கிட்டும்போது மஸ்கற்றும் வட்டிலப்பமும் கிடைக்கும். ஒரே தெருவில் மூன்று மொழிப்பேச்சு, மூன்று விதமான கறி வாசனை. வசதியுள்ளவர் வீடுகளில் கடைச் சாப்பாட்டைக் குறைவாகத்தான் நினைத்தார்கள். பயணம் போகிறவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், வழக்குக்கு வந்தவர், தனியாளாக வேலை பார்க்கிற உத்தியோகத்தர் ஆகியோருக்குத்தான் கடை. அதனால்தான் சின்னப் பிள்ளைக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. வருடத்தில் இரண்டு தரம் கிடைக்கிற சாப்பாடு அது.

ஒரு கடையை மட்டும் கிட்டப் போய்க் காட்டுகிறேன். நான் வேலைக்கு வந்த புதிது. மேசையில் போய் இருந்தால் கேளாமலே ஒரு பெரிய தட்டு வரும். நாலைந்து உளுந்து வடை, றோல்ஸ், கட்லட், பணிஸ், ஓரத்தில் இரண்டு கதலிப்பழம். விரும்பியதை எடுத்துச் சாப்பிடலாம். எழும்பும்போது வேலைக்காரப் பெடியன் தட்டில் மிச்சத்தை ஒரு கண்ணால் எண்ணிவிட்டு, கல்லாப்பெட்டியில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரித் தொகையைக் கத்துவான். மிச்சத் தட்டு அடுத்த மேசைக்குப் போகும். அங்கேதான் எனக்குப் பிரச்சினை. முதல் மேசையில் இருந்தவர் புரட்டிப் பார்த்த வடையை இரண்டாம் மேசைக்காரர் சாப்பிடுகிறார். வாவியைச் சுற்றியுள்ள ஊர், மாரியில் வெள்ளம் வந்தால் கிணறுகள் கலங்கும், நெருப்புக்காய்ச்சலும் வயிற்றோட்டமும் வரும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அப்போது புதிது, களுத்துறையில் பயிற்சி முடித்து வந்த எனக்கும் அது புதிது. தட்டை நிறுத்துங்கள், எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்க வேண்டும், கேட்கிறவருக்கு இடுக்கியால் எடுத்துக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த முதலாளிக்கு என் அப்பாவின் வயது. கோபப்படவில்லை. “சரி ஐயா, செய்யிறன். ஆனா தட்டு முன்னால இருந்தாத்தான் சில பேர் சாப்பிடுவாங்க. வாயத் திறந்து கேக்க வெக்கப்படுற ஆக்களும் வாறாங்க” என்றார். அலுமாரி வந்தது. அதன் பிறகு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருகிற வயல்காரர்கள் ஒரு வெறுந்தேத்தண்ணியோடு எழும்பிப் போவதை நானே பார்த்தேன். இன்றைக்கும் அந்த உத்தரவு சரி என்றே நினைக்கிறேன், அதனால் எத்தனையோ பேர் நோயிலிருந்து தப்பியிருப்பார்கள். ஆனாலும் அந்தக் கடைகளின் பழக்கவழக்கத்தில் ஒன்றை எடுத்தது குண்டும் இல்லை, புயலும் இல்லை, என் பேனைதான். பழைய கடைகள் எப்படிப் போயின என்று யாராவது கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி, போரால்தானா என்ற கேள்வி. போர் பெரிய காரணம், அதில் சந்தேகமே இல்லை. சிங்களப் பேக்கரிக் குடும்பங்கள் 1980களில் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. போறணைகளை வேறு ஆட்கள் எடுத்து நடத்தினார்கள், சில அப்படியே குளிர்ந்து கிடந்தன. 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியபோது நகரமே வெறுமையானது. அந்த ஓகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமிருந்தவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட ஊரே வெட்டப்பட்டது. அதற்குப் பிறகு தமிழர் காக்கா கடைக்குப் போவதும், முஸ்லிம்கள் நகரத்துக்குள் வந்து சாப்பிடுவதும் நின்றுபோயின. பிறகு மெல்ல மெல்லச் சேர்ந்தது. 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு மறுபடியும் சில மாதம் கதவடைத்த மாதிரி ஆனது. இப்போது திரும்பவும் போய் வருகிறார்கள். ஒருவர் கடையில் மற்றவர் பயமில்லாமல் சாப்பிடுவதைத்தான் நான் இந்த ஊரின் சுகத்துக்கு அடையாளமாக வைத்திருக்கிறேன், வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஆனால் போர் மட்டும் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். இத்தனை வருடம் கடை கடையாக ஏறி இறங்கியதில் நான் கண்டது இது: சாப்பாட்டுக் கடை பசியால் மட்டும் ஓடுவதில்லை, ஆட்கள் காத்துக்கிடக்கிற இடத்தில்தான் ஓடும். ரயிலுக்குக் காத்திருந்தார்கள், முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், இரண்டாம் காட்சி முடிந்து கூட்டாளி வரும்வரை காத்திருந்தார்கள். ஊரடங்கு வந்ததும் இருட்டில் காத்திருப்பது இல்லாமல் போனது. ரயில் பல வருடம் மட்டக்களப்புவரை வரவே இல்லை. உங்கள் அம்மாவின் கடை யாருக்காகத் திறந்ததோ அந்த ஆட்கள் அந்த நேரத்தில் தெருவில் இல்லை. கட்டடத்தில் ஒரு கல்லும் விழாமலே கடை செத்துப்போனது.

சண்டை முடிந்த பிறகும் இதே கதை வேறு விதமாக நடந்தது. கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் திறந்த இரும்புப் பாலம், ஒடுக்கம். ஒரு பக்கத்து வாகனம் கடந்து முடியும்வரை மறுபக்கத்து வாகனம் நிற்கும். நின்ற பஸ்களை நம்பி இரண்டு கரையிலும் கச்சான் விற்கிறவர்கள், வடை விற்கிறவர்கள், சின்னத் தேத்தண்ணிக் கொட்டில்கள். 2013இல் புதுப் பாலம் வந்தது, பஸ் நிற்காமல் போகிறது, கொட்டில்களும் போயின. மண்முனைத்துறையிலும் அப்படித்தான். படுவான்கரைக்குப் போகப் பாதையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். (இங்கே பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றுகிற மிதவை.) அது அக்கரையிலிருந்து திரும்பி வரும்வரை துறையில் நின்றவர்கள் ஏதாவது வாங்கிச் சாப்பிடுவார்கள். 2014இல் பாலம் கட்டினார்கள். பிரசவ வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும், அந்தப் பாலத்துக்காக நான் கைகூப்புவேன். துறையடிக் கடைகள் போனது அதற்குக் கொடுத்த விலை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கோ, குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கோ போகிற துறைகளில் அந்தப் பழைய காத்திருப்பின் வாசனையை இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம்.

சின்னக் காரணங்களும் உண்டு. 1970களின் அரிசித் தட்டுப்பாட்டில் வாரத்தில் இரண்டு நாள் கடையில் சோறு விற்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. சோற்றுக்கடைகள் அப்போதே ஆடிப்போயின. 1978 நவம்பர் 23 சூறாவளியில் தென்னைகள் சாய்ந்தன, தேங்காய்ப்பால் இல்லாமல் எங்கள் சமையலே இல்லை. 2022இல் காஸ் இல்லாத மாதங்களில் சில கடைகள் விறகுக்குத் திரும்பின, சில பூட்டினதைத் திறக்கவே இல்லை.

கொத்துரொட்டியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது மட்டக்களப்பில்தான் பிறந்தது என்று எங்கள் ஆட்கள் அடித்துச் சொல்வார்கள், திருகோணமலையாரும் தங்கள் ஊரைச் சொல்வார்கள். கிழக்கில் பிறந்தது என்பதைப் பலர் ஏற்கிறார்கள். எந்தத் தெருவில், யார் கையில் என்பதற்கு நான் கண்ட எந்தப் பதிவிலும் ஆதாரம் இல்லை. யாராவது ஒரு கடையைக் காட்டி இதுதான் முதல் கடை என்றால் சிரித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இன்றைக்கு நகரத்தின் இரவு என்றால் அந்தத் தகரத் தட்டுச் சத்தம்தான்.

தெருக்கள் எப்படி மாறின என்றால், புளியந்தீவில் கோட்டை, தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கின்றன. அம்மா படித்த பள்ளிக்கூடத்தின் வாசலை அவர் நிச்சயமாக அடையாளம் காண்பார். ஆனால் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், கோட்டையை விட்டுத் திராய்மடுவுக்குப் போய்விட்டது. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் கோட்டை வாசலில் காலையிலிருந்து காத்திருந்த கூட்டத்தோடு மத்தியானச் சோற்றுப் பார்சல் யாவாரமும் கிளம்பிப் போனது. திராய்மடு முன்னர் பற்றைக்காடு மாதிரிக் கிடந்த பக்கம். 2004 டிசம்பர் 26 கடல் வந்த பிறகு கரையோரத்து ஆட்களுக்கு அங்கேதான் வீடு கட்டிக் கொடுத்தார்கள். நாவலடியில் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்திருந்தால், அங்கே கூட்டிப்போகும் முன்னர் அவரிடம் மெல்லச் சொல்லி வையுங்கள். அந்தக் கரையில் வீடுகளை விட நினைவுக்கற்கள் முதலில் கண்ணில் படும். கல்லடி இப்போது ஆட்கள் பின்னேரம் காற்று வாங்கிச் சாப்பிடப் போகிற இடம். வாவிக்கரையிலும் நல்ல கடைகள் வந்திருக்கின்றன. நான் பழையதற்காக அழுகிறவன் இல்லை. இன்றைய கடைக் குசினிகள் அந்தக் காலத்துக் குசினிகளை விட எவ்வளவோ சுத்தம், இதை நான் எங்கேயும் சொல்வேன்.

மாறாமல் இருப்பது தயிர். மண்முட்டியில் உறைந்த எருமைத் தயிரை இன்றைக்கும் தெருவோரத்தில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். மயிலத்தமடு, மாதவணைப் பக்கத்து மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள், அதனால் இது எவ்வளவு காலம் மலிவாகக் கிடைக்கும் என்று எனக்குக் கவலைதான். முட்டியை வாங்கும்போது ஒரு பக்கம் சரித்துப் பாருங்கள், நல்ல தயிர் அசையாது. அம்மாவிடம் சரிக்கக் கொடுங்கள். கைக்கு மறக்காது.

உங்கள் அம்மாவை அந்த இடத்துக்கு எப்படிக் கூட்டிப்போகலாம் என்று யோசித்தேன். இரவு முழுக்க ரயிலில் வருவது அவருக்குக் கஷ்டம். பகல் ரயிலாலோ வாகனத்தாலோ முதல் நாளே வந்து தங்குங்கள். அடுத்த நாள் விடியக்காலை ஐந்து மணிக்கு ஆட்டோ ஒன்று பிடித்து ரயில் நிலைய வாசலிலிருந்து புளியந்தீவுக்கு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பகலில் கூட்டிப்போனால் கைத்தொலைபேசிக் கடைப் பலகைகள்தான் தெரியும். இருட்டில் பாலமும் வாவியும் வானமும் மட்டும் தெரியும், வாவியும் வானமும் 1970களில் இருந்த மாதிரியே இருக்கின்றன. அப்பம் அந்த நேரத்தில் கடையில் கிடைப்பது அரிது, இப்போது அது பின்னேரக் கடைச் சாப்பாடாகிவிட்டது. தங்குகிற வீட்டில் முதல் நாளே சொல்லி மாவைப் புளிக்க வைத்தால், திரும்பி வரும்போது சுடச்சுடக் கிடைக்கும்.

இனி அந்த இரண்டு கடைகள். ஒன்று பாலத்துக்குக் கோட்டைமுனைப் பக்கம், மற்றது பாலம் கடந்து புளியந்தீவுப் பக்கம். ஒன்றின் கட்டடம் இன்னும் நிற்கிறது, முன்பக்கம் மாறியிருந்தாலும் பின்னால் போறணையின் புகைபோக்கி உடைக்கப்படாமல் இருக்கிறது. மற்றதை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். எது அம்மாவின் கடை என்று அவரால் மட்டும்தான் சொல்ல முடியும். பெயரையோ தெருவையோ கேட்காதீர்கள். அம்மப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் நடக்கும்போது பணிஸ் கையில் இருந்ததா, இல்லையா என்று மட்டும் கேளுங்கள். இருந்தது என்றால் கோட்டைமுனைக் கடை. வீட்டுப் படியில் இருந்து சாப்பிட்டதுதான் நினைவிருக்கிறது, பாலத்தில் கை வெறுமையாக இருந்தது என்றால் புளியந்தீவுக் கடை. அவர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், எந்த வாசலில் ஆட்டோவை நிறுத்த வேண்டும் என்று சொல்கிறேன்.